மூன்றாவது குறிப்பறிதல்

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில், 71ஆவது. மற்றொன்று இன்பத்துப்பாலில், 110ஆவது. அரசவையில் வாய்விட்டுக் கேட்க முடியாததை முகம் பார்த்து அறிவது முன்னது; காதலில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் கண் பார்த்து அறிவது பின்னது. ஒரே தலைப்பு ஏன் இருமுறை வருகிறது என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. சொல்லுக்குத் தடையுள்ள இடத்தில் குறிப்பு பிறக்கிறது. அத்தகைய இடங்கள் வாழ்வில் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதே நாங்கள் தரும் விடை. பேட்டையில் மாலைதோறும் சீட்டு மேசையைச் சுற்றி அமரும் எங்களுக்கு மூன்றாவது இடமொன்றும் தெரியும். பிரிட்ஜ் ஆட்டத்தில் தடுப்பவர் இருவரிடையே நிகழும் உரையாடல் அது.

சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிப்பவர் எங்கள் தெருவிலும் உண்டு. ரம்மி பெரிதும் திறனைச் சார்ந்தது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதிலுள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதிலுள்ள தற்செயலைப் போன்றதே என்று ஒப்பிட்டது. ஐயத்துக்கு இடமில்லாத பொருளையே உவமையாகக் கொள்வர் என்று சொல்லி நாங்கள் நகர்ந்துவிடுவோம்.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. நால்வர், எதிரெதிரே அமர்வோர் இணை. ஆளுக்குப் 13 சீட்டுகள். ஏலத்தை எடுத்தவரின் இணை தம் சீட்டுகளை மேசைமீது விரித்துவிட்டு ஓய்ந்திருப்பார். அக்கைக்கு ‘டம்மி’ என்று பெயர். ஆகவே ஏலம் எடுத்தவருக்குத் தம் தரப்பின் 26 சீட்டுகளும் கண்முன்னே இருக்கின்றன. தடுப்பவர்கள் நிலை அப்படியன்று. ஒவ்வொருவரும் தம் கையையும் டம்மியையும் மட்டுமே காண்பர். இணையின் கை இருட்டு. பேசக் கூடாது, இருமக் கூடாது, புருவம் உயர்த்தக் கூடாது. போடுகிற சீட்டைத் தவிர வேறு மொழி இல்லை.

அம்மொழியைப் பேசுபவை ஆஸும் ராஜாவும் அல்ல. அவற்றுக்கு வெல்லும் வேலை இருக்கிறது. இரண்டு, மூன்று, ஏழு, எட்டு என்று எதையும் வெல்லாத சிறு சீட்டுகளுக்கே பேச ஓய்வு கிடைக்கிறது. இணை இறக்கிய இனத்தில் பெரிய எண்ணைப் போட்டால் ‘இதையே தொடர்க’ என்றும், சிறியதைப் போட்டால் ‘இதை விடுக’ என்றும் பொருள். எதிரி ஓர் இனத்தை ஆடும்போது முதலில் பெரியது, பின் சிறியது என்று போட்டால் அவ்வினத்தில் தம்மிடம் இரட்டைப்படையில் சீட்டுகள் உள்ளன. முறை மாறினால் ஒற்றைப்படை. இனி எந்த இனத்துக்கு மாறலாம் என்று திசை காட்டுவது மூன்றாவது வகை. இவ்வழக்கம் புதிதன்று. பிரிட்ஜின் மூதாதையான விஸ்ட் ஆட்டத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே, பெரியதைப் போட்டுப் பின் சிறியதைப் போட்டு இணையைத் துருப்பு ஆடச் சொல்லும் முறை இருந்தது. கப்பல் புறப்படுமுன் ஏற்றும் கொடியின் பெயரால் அதை ‘புளூ பீட்டர்’ என்றனர்.

இக்குறிகளின் அறம் ஒன்று உண்டு: அவை மறைமொழி அல்ல. எட்டைப் போட்டால் எங்கள் உடன்பாட்டின்படி என்ன பொருள் என்று எதிரி கேட்டால் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இணைக்குச் சொல்லும் உண்மை எதிரிக்கும் கேட்கும்; அதனால் எப்போது சொல்வது, எப்போது வாளாவிருப்பது என்பதே கலை. அந்த வரம்பை மீறியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்ததுண்டு. 1965இல் புவனோஸ் ஐரிஸில் நடந்த உலகப் போட்டியில் பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷபைரோவும் விரல்களால் ஆர்ட்டின் சீட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டினர் என்று குற்றம் சாட்டப்பட்டது. உலக அமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை அதை ஏற்கவில்லை. 1975இல் பெர்முடாவில் இணைகளின் முகங்களை மறைக்க மேசையின் குறுக்கே திரை வந்தது. அப்போட்டியிலேயே மேசைக்கு அடியில் காலசைவு கண்டு இத்தாலியர் இருவர் கண்டிக்கப்பட்டனர்.

இன்று பெரிய போட்டிகளில் ஏலம்கூட வாயால் கேட்கப்படுவதில்லை. பெட்டியிலிருந்து அச்சிட்ட அட்டையை எடுத்து வைக்கிறார்கள். 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்ற பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் அவ்வாறு பேசாமல் ஆடித்தான் வென்றனர். பர்தனுக்கு அப்போது வயது 60.

எங்களுக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர். பேட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அவர் வீட்டுத் தார்சாதான் எங்கள் களம். எங்களுள் இருவர் கல்லூரி ஆசிரியர். ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஊர்ச் சீட்டில் சாடை காட்டிப் பழகியிருந்த எங்களை அவர் முதலில் திருத்தியது அதைத்தான். “சீட்டைப் பாரும் சார்வாள், மூஞ்சியப் பாக்காதீரும்” என்பார்.

அவர் பக்கவாதத்தால் வீழ்ந்து மீண்டபோது வலக்கை செயலிழந்திருந்தது, பேச்சு திரும்பவில்லை. வந்து பார்ப்பவர்கள் செவிடரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். சிலர் அவரிடம் கேட்க வேண்டியதை மனைவியிடம் கேட்டார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாங்கள் தச்சரிடம் சொல்லி, சீட்டுகளைச் செருகி நிறுத்த நீளவாட்டில் வெட்டுவிட்ட மரச்சட்டம் ஒன்று செய்வித்தோம். ஒன்று முதல் ஏழுவரை ஐந்து வகையாக வரும் 35 ஏலங்களையும் அட்டையில் எழுதி வைத்தோம். பிறகு நால்வருமே வாய் திறக்காமல் ஆடினோம்.

ஆனால் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. பழக்கமில்லாத இடக்கை நடுங்கியது. அவர் போடுவது குறியா, விரலுக்கு எட்டிய சீட்டா? அகப்பொருள் இலக்கணத்தில் அல்லகுறிப்படுதல் என்றொரு துறை உண்டு. இரவில் தலைவன் வரவை உணர்த்தும் ஒலி என்று எண்ணித் தலைவி வெளியே வருகிறாள். அது இயல்பாக எழுந்த ஒலி. எங்கள் அச்சம் அதுவே.

ஒருநாள் துருப்பில்லா ஏலம். டம்மியில் டைமன் ராஜா முதல் ஒன்பதுவரை ஐந்து சீட்டுகள். அக்கைக்குத் திரும்பிவர வேறு வழியில்லை. ஆஸ் உட்பட மூன்று டைமன், அண்ணாச்சியின் இணையாக இருந்த எங்கள் நண்பரிடம். எஞ்சிய ஐந்தும் அண்ணாச்சிக்கும் ஏலம் எடுத்தவருக்கும் இடையே. ஏலம் எடுத்தவரிடம் இரண்டு என்றால் இரண்டாம் சுற்றிலேயே ஆஸை இறக்க வேண்டும். மூன்று என்றால் மூன்றாம் சுற்றுவரை பொறுக்க வேண்டும். முதல் சுற்றில் அண்ணாச்சியின் நடுங்கும் கை எட்டைப் போட்டது. குறி என்றால் அவரிடம் இருப்பவை இரண்டே. நண்பர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எட்டைப் பார்த்தார். இரண்டாம் சுற்றில் ஆஸைப் பிடித்துவைத்தார். அண்ணாச்சியிடமிருந்து விழுந்தது மூன்று. மூன்றாம் சுற்றில் ஆஸ் இறங்கியது. அண்ணாச்சி வேறு இனச் சீட்டைப் போட்டார். ஏலம் எடுத்தவருக்கு டம்மி எட்டாமற் போனது.

அன்றுமுதல் அவர் போடும் ஒவ்வொரு சீட்டும் சொல்லப்பட்ட சொல் என்றே கொள்கிறோம். இரக்கத்தால் செய்வதன்று இது. ஒருவர் சொல்வதற்குப் பொருள் உண்டென நம்பி அதன்மேல் நம் ஆஸைப் பணயம் வைப்பதைவிட வேறு மரியாதை எங்களுக்குத் தெரியவில்லை. நம் வீடுகளில் பேச்சிழந்தோரும், வாயிருந்தும் பேசாதோரும் நாள்தோறும் எட்டுகளையும் இரண்டுகளையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருக்குறளின் 128ஆவது அதிகாரத்துக்குக் ‘குறிப்பறிவுறுத்தல்’ என்று பெயர். அறிவுறுத்துவோர் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். அறிதல் மற்றவர் கடன்.