மீனுக்கும் பேத்திக்கும் ஒரே கிணறு

1995 இடப்பெயர்வின் மாதங்கள் நீங்கலாக, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரையே ஐம்பது ஆண்டுகளாகக் குடித்து வருபவன் நான். கேத்திலின் அடியில் படியும் வெண்படையைச் சுரண்டியதைத் தவிர, அந்நீரைப் பற்றிச் சிந்தித்ததில்லை. நான்கு மாதக் கைக்குழந்தையுடன் மகள் வந்த பின்னரே சிந்திக்க நேர்ந்தது.

வீட்டுக்கும் மீன்தொட்டிக்குமாக ஒரு பெரிய இயந்திரத்தைப் பரிந்துரைத்தார் விற்பனை முகவர். விலை, என் இரண்டு மாதச் சம்பளம். முதலில் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வன்மை மிகுதி; அது எதிர்பார்த்ததே. ஆனால் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்திருந்தது. தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடாக இறங்குவதன் விளைவு.

கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, செறிவுதான் கூடும். கரி வடிகட்டியும் புறஊதா விளக்கும் அதனை அகற்றமாட்டா. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்வது அது. நாங்களோ கொதித்தாறிய அந்நீரில்தான் பால்மா கரைத்துக் கொண்டிருந்தோம்.

குசினிக்கு மட்டும் சிறிய ஆர்.ஓ. கருவியொன்று வாங்கினேன். அது கழிவாகத் தள்ளும் நீர் வாளியில் சேர்ந்து முற்றம் கழுவப் போகிறது.

மீன்களுக்கு அந்நீரைத் தனியே ஊற்றலாகாது; தாதுக்கள் அதில் இல்லாத குறை. மென்னீர் விரும்பும் ஏஞ்சல் மீன்களை மனமின்றி நண்பரிடம் கொடுத்துவிட்டு, வன்னீரில் செழிக்கும் கப்பிகளை விட்டேன். கிணற்று நீரே அவற்றுக்குப் போதும். பாசிதான் சற்று அதிகம்; வாரந்தோறும் கண்ணாடியைத் தேய்க்கிறேன்.