எத்தனை தலையணை?

ஊரில் மூச்சுக்கு எங்களிடம் பல சொற்கள் இருந்தன: இளைப்பு, முட்டு, தொய்வு. ஒஸ்லோவுக்கு வந்தபின் எல்லாவற்றையும் ‘ஸ்லீத்தென்’ என்ற ஒன்றுக்குள் அடக்கிவிட்டோம். களைப்பு. கோப்பை கழுவுகிற எங்களுக்கு அது பொருந்தாத நாளே இல்லை. ஆகவே யாரும் மேலே கேட்பதுமில்லை.

அம்மருட்டில் எங்கள் மாடியில் இருந்த பெரியவர் சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்கக் கதிரையிலேயே நித்திரை கொண்டார். பள்ளிக்கூடம் போகிற பேத்தி, “தாத்தாவுக்கு ஊர் நினைப்பு, நித்திரையில்லை” என்று டொக்டருக்கு மொழிபெயர்த்தாள். நம்பினார்கள். அகதி நித்திரை கொள்ளாததற்கு யுத்தம் போதாதா? கால் வீங்கிச் சப்பாத்து ஏறாமற் போனபிறகுதான் அது இருதயம் என்று தெரிந்தது.

பாதியில் நின்ற எங்கள் பல்கலைக்கழகப் படிப்பு இதற்காவது உதவட்டும். பலவீனமான இருதயம் இரத்தத்தை முன்னே தள்ளாதபோது அது நுரையீரலில் தேங்குகிறது. நுண்குழாய்களில் அமுக்கம் ஏறி நீர் கசிகிறது. நீரூறிய நுரையீரல் விறைத்துப்போய், புதுப் பலூன் மாதிரி, இலகுவில் விரியாது. அதை விரிக்கவேண்டிய பிரிமென்றகடும் இந்த நோயில் நலிந்துவிடுகிறது. பாரம் கூட, சுமப்பவனோ மெலிவு. எனவே மூச்சு சிறிதாகவும் விரைவாகவும் ஓடுகிறது. நுண்குழாய்களின் அருகே இந்தக் கசிவை உணர்ந்து மூச்சை விரைவாக்கும் நரம்பு முனைகளைக் கண்டவர் ஒரு இந்தியர், ஓதார் சிங் பெயின்ரல். அவை தூண்டப்படும் விதத்தை 1969 இல் விளக்கி எழுதினார்.

படுத்தால் கால்களில் நின்ற இரத்தமும் நெஞ்சுக்குத் திரும்புகிறது. வயிறு பிரிமென்றகட்டை மேலே தள்ளுகிறது. ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் கதிரையாவது இதனால்தான். குனிந்து சப்பாத்துக் கட்டும்போது மூச்சு முட்டுவதும் இந்நோயின் அறிகுறியென்று அமெரிக்க மருத்துவர்கள் 2014 இல் எழுதினார்கள்.

சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாதென்று 2022 இல் நடைமுறைக்கு வந்த நோர்வேச் சட்டம் சொல்கிறது. அவசரத்துக்கு விலக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவோம். ‘துங்பூஸ்தெத்’ என்று நோர்வேஜியரிடம் ஒரு சொல் உண்டு: பாரமான மூச்சு. அதைப் பாடமாக்குவோம். எத்தனை தலையணை, எத்தனை படியில் நிற்கவேண்டி வந்தது, இரவில் எத்தனை தரம் மூச்சு முட்டி எழும்பினோம், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை ஏறியதா என்று எழுதிக்கொண்டு போவோம். இருந்தபடியே திடீரென மூச்சுத் திணறினால் 113.

களைப்பு என்ற சொல்லுக்கு டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்வார். நாலு தலையணை என்றால் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்.