இந்தத் தடத்தைப் போட்டது யார்?

சான் டியேகோ வட்டாரத்தில் எந்த நடைத்தடத்தின் வாசலுக்குப் போனாலும் ஒரு பலகை நிற்கும். எத்தனை மைல், எந்தப் பாம்பு, நாயைக் கூட்டிப் போகலாமா, கேட்டை எப்போது சாத்துவார்கள் எல்லாம் அதில் உண்டு. தடத்தை யார் போட்டார்கள் என்பது மட்டும் அநேகமாக இருக்காது. எதிரே வருபவர்களிடம் கேட்டால் பலரும் தயங்காமல் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: பூர்வகுடிகள் நடந்த பாதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடக்கிற காலுக்கும் ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது. எப்படித் தெரியும் என்றால் ஒரு புன்னகை. அந்தப் புன்னகைதான் என்னைப் பழைய வரைபடங்கள் பக்கம் தள்ளியது.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கடலை ஒட்டி முந்நூறு அடி உயரத்துக்கு மணற்பாறைச் சுவர் எழும்பி நிற்கிறது. அதன் தலையில் சமதளம். இவர்கள் மேசா என்கிறார்கள். அந்தச் சமதளத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கே இறங்குகின்றன கேன்யன்கள். டோரி பைன்ஸ் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். அடியில் பச்சையோடிய சாம்பல் நிற டெல்மார் அடுக்கு, அதன்மேல் வெளுத்த டோரி மணற்பாறை, உச்சியில் இரும்புத் துரு ஏறிய சிவப்பு. கீழ் இரண்டும் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள் பழையவை. வயதுதான் பெரிது, உறுதி அவ்வளவில்லை. அலை அடியில் குடைகிறது, மழையும் ஊற்றுநீரும் மேலிருந்து அரிக்கின்றன, ஒருநாள் ஒரு துண்டு அப்படியே சரிந்து விழுகிறது. வடக்கே என்சினிடாஸ் கடற்கரையில் 2019 ஆகஸ்டில் அப்படி விழுந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் பாதையின் பழமையைத் தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. காகிதத்தைத்தான் நம்ப வேண்டும்.

காகிதத்தில் கிடைக்கும் முதல் நடை 1769இல். காஸ்பர் தே போர்த்தொலாவின் ஸ்பானியப் படை ஜூலை 14 அன்று சான் டியேகோவிலிருந்து வடக்கே கிளம்பியது. கூடப் போன பாதிரியார் ஹுவான் கிரெஸ்பி நாட்குறிப்பு எழுதினார். கடலோரமாக வடக்கே போவதென்றால் கரை மேட்டின் விளிம்பைப் பிடித்துப் போயிருப்பார்கள் என்று வரைபடம் பார்க்காதவர் நினைக்கலாம். அவர்கள் போகவில்லை. கோவேறு கழுதைச் சுமையோடு வருகிறவன் ஓடைக்கு ஓடை இறங்கி ஏறிக்கொண்டிருக்க மாட்டான். இன்று ரோஸ் கேன்யன் என்று சொல்லும் பள்ளத்தின் வழியே உள்ளே புகுந்து, மேசாவைக் கடந்து, சொரெண்டோ பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அங்கே குமேயாய்ப் பூர்வகுடிகளின் ஊர் ஒன்று இருந்தது. இஸ்தாகுவா என்று அதன் பெயர் பதிவாகியிருக்கிறது. ஊர் இருக்கும் இடத்துக்கு வழி இல்லாமலா இருக்கும்? படை புதிதாக ஒன்றும் வெட்டவில்லை, இருந்த வழியில் நடந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வழியைப் பிறகு யாரும் விடவில்லை. 1850களில் லூயி ரோஸ் என்ற ஜெர்மானிய யூத வணிகர் அங்கே தோல் பதனிடும் ஆலை வைத்தார்; பள்ளத்துக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1880களின் தொடக்கத்தில் கலிபோர்னியா சதர்ன் ரயில் அதே பள்ளத்தில் தண்டவாளம் போட்டது. இன்றும் லாஸ் ஏஞ்சலஸ் ரயில் அங்கேதான் வளைந்து போகிறது. பிறகு ஐந்தாம் எண் நெடுஞ்சாலை வந்தது. சரிவு குறைவான இடம் ஒன்றுதான் என்றால் கழுதைக்காரனும் ரயில் இன்ஜினியரும் நெடுஞ்சாலைக்காரரும் அங்கேதான் வந்து சேர்வார்கள்.

ஆகவே இந்த வட்டாரத்தின் உண்மையான பழைய பாதையில் நடக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், காலை எட்டரை மணிக்கு ஐந்தாம் எண்ணும் எண்ணூற்றைந்தாம் எண்ணும் ஆன நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தால் போதும். சிப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். பாதுகாத்து, வேலி போட்டு, பலகை நட்டு நாம் நடப்பதெல்லாம் அதைவிடச் சின்ன வயசு.

எவ்வளவு சின்ன வயசு? டோரி பைன்ஸையே எடுத்துக்கொள்ளலாம். இடத்துக்குப் பெயர் கொடுத்த டோரி பைன், அமெரிக்காவின் மிக அரிதான பைன் மரம். ஒரு கொத்துக்கு ஐந்து ஊசி இலை. இந்தக் கரையிலும் சான்டா ரோசா தீவிலும் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. எல்லை அளவைக் குழுவோடு வந்த சார்லஸ் பாரி 1850இல் இதைத் தனி இனம் என்று கண்டு, தாவரவியலாளர் ஜான் டோரியின் பெயரை வைத்தார். 1883இல் திரும்பி வந்தவர், மரங்களைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார். மாவட்ட நிர்வாகம் 1885இல் மரத்துக்குச் சேதம் செய்பவரைப் பிடித்துக் கொடுத்தால் நூறு டாலர் என்று அறிவித்தது. 1899இல் நகரசபை 364 ஏக்கரைப் பூங்காவாக ஒதுக்கியது. செய்தித்தாள் குடும்பத்துச் செல்வந்தரான எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ், பக்கத்து மனைகளைத் தன் காசில் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தார்.

இத்தனையிலும் நடைத்தடம் பற்றிய பேச்சே பெரிதாக இல்லை. எல்லாருக்கும் மரம்தான் கவலை. பேச்சு வந்ததே காரால்தான். 1915இல் கரைமேட்டில் ஏறும் சாலைக்குத் தளம் போட்டார்கள். அன்றைய மாடல் டி கார்களில் பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வராது. அதனால் பலர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றினார்கள் என்பது ஊரில் விருப்பமாகச் சொல்லப்படும் கதை. ஏறி வந்தவர்கள் இளைப்பாற வேண்டாமா? ஸ்கிரிப்ஸ் அம்மையார் பணம் கொடுக்க, 1923 வாக்கில் பச்சைச் செங்கல்லில் ஒரு லாட்ஜ் எழுந்தது. உண்மையில் அது சாப்பாட்டுக் கடை. சாப்பிட்டவர்கள் கடலைப் பார்க்க நடந்தார்கள். இறங்கி நடக்க ஆசைப்பட்ட கார்க்காரர்தான் இந்தத் தடங்களுக்கு மூதாதை.

அப்படி நடப்பவர்களை விட்டுவிட்டால் மரமும் போகும் என்று புரிந்துகொண்டவர் கை ஃபிளெமிங். ஸ்கிரிப்ஸ் 1921இல் அவரைப் பூங்காவின் காவலராக வைத்தார். பூங்காவுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு அவர் அதைப் பார்த்துக்கொண்டார். 1922இல் ரால்ஃப் கார்னெல் என்ற நிலவடிவமைப்பாளரிடம் ஒரு திட்டம் கேட்டார்கள். வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்து அழகு பண்ண வேண்டாம், இருப்பதை இருந்தபடி விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பூங்கா என்றால் புல்வெளியும் ரோஜாப் பாத்தியும் என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான யோசனை. இன்று மிக அதிகம் பேர் நடக்கும் தடங்களில் ஒன்று ஃபிளெமிங் பெயரில் இருக்கிறது. முக்கால் மைல்கூட வராது. 1930களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலையைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றினார்கள். பழைய ஏற்றச் சாலை பூங்காவுக்குள் தங்கிவிட்டது. லாட்ஜ் வரை கார், அதற்கு அப்பால் நடப்பவரும் சைக்கிள்காரரும் மட்டும். பழைய தடம் சாலையானது ரோஸ் கேன்யனில். இங்கே பழைய சாலை தடமாகியிருக்கிறது.

கரைமேட்டுக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. உள்ளே இருக்கும் கேன்யன்களுக்கு இந்த மாதிரி காவலரும் இல்லை, கொடையாளியும் இல்லை. அவற்றில் தடம் எப்படி வந்தது?

என் தங்கை மகன் கிளேர்மான்ட்டில், டெகோலோட்டே கேன்யனின் விளிம்பில் குடியிருக்கிறான். வீட்டுப் பின்பக்கம் நின்றால் கீழே அகலமான மண் பாதை, ஒரு வண்டி தாராளமாகப் போகும். ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து மறைகிறது. அதன் பழமையைப் பற்றி நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"மாமா, அது கக்கூஸ் தண்ணிப் பாதை" என்றான்.

"என்னடா சொல்றே?"

"கீழ வாங்க, காட்டறேன்."

இறங்கினோம். சேஜ் புதர்களுக்கு நடுவே, இடுப்புயரத்துக்குக் காங்கிரீட் கழுத்து எழும்பி, மேலே இரும்பு மூடி. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பாதை ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோலுக்குத்தான் போகிறது. காட்டுக்குள் மனம்போன போக்கில் வளைகிறது என்று நாம் ரசிக்கும் வளைவு, குழாயின் வளைவு.

இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. கிளேர்மான்ட் 1950களில் மளமளவென்று எழுந்த குடியிருப்பு. வீடுகளைச் சமதளத்தில் கட்டினார்கள். கேன்யன் சரிவில் கட்டச் செலவு அதிகம், அதனால் அது மிஞ்சியது. வீட்டுக் கழிவுநீர் தானாகவே ஓடித் தாழ வேண்டும், பம்ப் வைத்தால் காசு. ஆகவே பெருங்குழாய் கேன்யனின் அடிமடியில் போயிற்று. குழாய் இருந்தால் அடைப்பு எடுக்க லாரி வர வேண்டும், லாரி வர வழி வேண்டும். மின்கோபுரங்களுக்கும் அதே கதை. லாரி போன வழியில் ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். 2000 பிப்ரவரியில் அல்வராடோ கேன்யன் பக்கம் குழாய் உடைந்து, ஆள் நடமாட்டமில்லாத இடம் என்பதால் பல நாள் யாருக்கும் தெரியாமல், சுமார் 3.4 கோடி காலன் கழிவுநீர் சான் டியேகோ ஆற்றில் கலந்தது. கேன்யன் குழாய்களை எப்படிப் பராமரிப்பது, புதரை எவ்வளவு வெட்டலாம் என்று 2002இல் மாநகராட்சி கொள்கையே வகுக்க வேண்டி வந்தது. இன்று எந்தத் தடம் திறந்திருக்கும், எது புல் மூடிப் போகும் என்பதில் அந்தக் கொள்கைக்கும் பங்குண்டு.

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாய்க்கு ஒதுக்கிய பள்ளத்தைச் சும்மா விட்டுவைக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் பிறகு வந்தார்கள். டெகோலோட்டேயில் அக்கம்பக்கத்தார் போராடி 1978இல் அதை இயற்கைப் பூங்காவாக்கினார்கள். பக்கத்து சான் கிளெமென்டே கேன்யனில் 52ஆம் எண் நெடுஞ்சாலை ஓடையிலேயே படுக்காமல் சரிவில் ஏறியதற்கு மரியன் பேர் என்ற பெண்மணி விடாமல் போராடியதும் காரணம். 1979இல் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே வைத்தார்கள். 1908இல் ஜான் நோலன் நகரத் திட்டம் எழுதியபோதும், 1974இல் கெவின் லிஞ்சும் டொனால்ட் ஆப்பிள்யார்டும் எழுதியபோதும் இந்த நிலவமைப்பைக் கெடுக்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள். ஊர் பாதி கேட்டது.

பெனாஸ்கிட்டோஸ் கேன்யன் இன்னொரு வம்சம். 1823இல் கோட்டைத் தளபதி பிரான்சிஸ்கோ மரியா ருயிஸுக்கு மெக்சிகோ அரசு கொடுத்த மானியம் அது. இந்த மாவட்டத்தின் முதல் நில மானியம். பண்ணையின் பச்சைச் செங்கல் வீடு இன்னும் நிற்கிறது. அங்கே நடைத்தடம் என்பது மாட்டுப் பண்ணைச் சாலைதான், இரண்டு சக்கரத் தடமாக. நடுவே ஓடை கரிய எரிமலைப் பாறைகளில் விழுந்து ஒரு சின்ன அருவியாகிறது. மணற்பாறையைவிடப் பல கோடி ஆண்டு மூத்த பாறை. மழை பெய்த வாரம் போனால்தான் அது அருவி.

கடைசியாக ஒன்று. சொலானா பீச் பக்கம், சான் எலிஹோ காயலின் தென்கரையில், தோள் உரசும் அகலத்துக்கு மணற்பாறை இடுக்கு ஒன்று உண்டு. இளவட்டங்கள் திருட்டுத்தனமாக நுழைந்து நுழைந்து வழி உண்டாக்கினார்கள். சுவரெல்லாம் பெயரும் கிறுக்கலும். பிறகு அடைத்துப் போட்டார்கள். சுரண்டிக் கழுவி, உச்சிக்கு இரும்பு ஏணி வைத்து, 2016இல் ஆனிஸ் கேன்யன் என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். நான் தேடியவற்றில் பிறந்த வருஷமும் பெற்றவர் யாரென்பதும் ஐயமில்லாமல் தெரிந்த தடம் இது ஒன்றுதான். இடுக்கில் ஒருவழிப் போக்குவரத்து. சனி ஞாயிறில் ஏணிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், சுவரில் புதிதாகக் கிறுக்குகிறவர்களும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.