கூடி வாழும் மீன்கள்

எங்கள் பள்ளி அலுவலகத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நான்கு அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 250 லிட்டர் நீர் கொள்ளும். முன்னாள் மாணவர் ஒருவர் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை அன்பளிப்பாகத் தந்தார். இன்று அதன்முன் நின்று மீன்களை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு, அத்தொட்டியில் நான் முதலில் செய்த பிழை தெரியாது. தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டனர். அதனாலேயே எழுதிவைக்க விரும்புகிறேன்.

தலைமையாசிரியர்களைப் பிடித்த நோய் ஒன்று உண்டு. எதைக் கண்டாலும் அதிலிருந்து ஓர் அறவுரையைக் கறந்துவிடத் துடிப்போம். எறும்பு ஊர்ந்தால் உழைப்பு. மரம் பூத்தால் பொறுமை. தொட்டி வந்து இறங்கியதும் எனக்கு ஒற்றுமை நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமைச் சபைகூடலில் பேசினேன். “முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை ஒவ்வொரு வகுப்பும் ஒருவகை மீனைக் கொண்டுவரட்டும். நிறம் வேறு, வடிவம் வேறு, ஆயினும் ஒரே நீரில் அவை ஒற்றுமையாக வாழ்வதை நீங்கள் காணப்போகிறீர்கள்” என்றேன். கைதட்டல் பலமாகவே இருந்தது.

அவ்வாரத்திலேயே மீன்கள் வந்து சேர்ந்தன. கப்பிகள் வந்தன. தங்கமீன்கள் இரண்டு வந்தன. பட்டம் போன்ற உடலும் நீண்ட துடுப்புகளும் கொண்ட ஏஞ்சல் மீன் ஒன்று வந்தது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று யாரோ சொல்லி, விரல் நீளத்தில் ஓர் உறிஞ்சு மீனும் வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து, புலிபோல் கறுப்பு வரிகள் கொண்ட டைகர் பார்ப் மீன்கள் மூன்றை வாங்கி வந்தனர். நான்காம் ஆண்டில் ஒரு சிறுவன், தன் தாத்தா புட்டியில் வளர்த்து வந்த நீலநிறச் சண்டை மீனைக் கொண்டுவந்தான். புட்டியை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி அவன் பேருந்திலிருந்து இறங்கிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டியில் விட்டோம்.

மூன்றாம் நாள் கப்பிகளின் வால்கள் கந்தலாயின. டைகர் பார்ப் மூன்றும் அம்புபோல் பாய்ந்து, பின்னால் கடித்துவிட்டு விலகின. சண்டை மீன் என்று பெயர் பெற்றது சண்டையிடவே இல்லை. திரைச்சீலை போன்ற துடுப்புகளை இழுத்துக்கொண்டு மெல்ல நீந்தும் அதனால் தப்பவும் இயலவில்லை. வடிகட்டியின் பின்னால் ஒடுங்கியது. ஒன்பதாம் நாள் காலை, காவலாளி அதனை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார்.

அச்சிறுவன் அழவில்லை. என் அறை வாயிலில் நின்று, “ஐயா, எல்லா மீனும் ஒண்ணா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டான். முப்பது ஆண்டுக்காலப் பணியில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்னவன் நான். அன்று வாய் எழவில்லை.

மாலையில் பட்டணத்தில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்குச் சென்றேன். கடைக்காரச் சீனப் பெரியவர் நான் சொன்ன பட்டியலைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். டைகர் பார்ப் என்றதும் “நாக்கால்” என்று மலாயில் ஒரே சொல்லில் முடித்தார், குறும்புக்கார மீனாம். பிறகு, “எத்தனை விட்டீர்கள்?” என்று கேட்டார். மூன்று என்றேன். அங்கேதான் கேடு என்றார். அது கூட்டமாக வாழும் இனம். எட்டு, பத்து என்று இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி, யார் மூத்தவர் என்று தீர்த்துக்கொள்ளும். சிலவாக விட்டால் அந்தத் துடுக்கு முழுவதும் அயல் மீன்களின்மேல் பாயும். எத்தனை இருந்தாலும், நீண்ட துடுப்புடைய மீன்களை அதனோடு விடலாகாது என்பதையும் சொன்னார்.

அதன்பின் நூல்களைத் தேடிப் படித்தேன். ஒரு மீனோடு இன்னொரு மீன் ஒத்துவருமா என்பதை நிறத்தைக் கொண்டோ அழகைக் கொண்டோ முடிவு செய்வதற்கில்லை. முதலில் நீரைக் கேட்கவேண்டும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் மிகுதி. மற்றவை நம் நாட்டு வெப்பத்திற்குப் பழகியவை. கப்பிக்குச் சற்றே கடினமான நீர் வேண்டும்; அமேசான் பகுதியிலிருந்து வந்த நியோன் டெட்ராவுக்கு மென்மையான நீர் வேண்டும். அடுத்தது வாயின் அளவு. ஏஞ்சல் மீனும் நியோன் டெட்ராவும் ஒரே பெருநிலத்து நீரிலிருந்து வந்தவைதாம்; ஆயினும் ஏஞ்சல் வளர்ந்ததும் நியோன் அதற்கு இரையாகிவிடும். வாங்கும் நாளில் இருக்கும் அளவைப் பார்த்து ஏமாறக்கூடாது. நம் உறிஞ்சு மீன் விரல் நீளம்தானே என்று எண்ணினேன். அது ஓர் அடிக்கும் மேல் வளரக்கூடியதாம். மலாயில் அதற்கு ‘இக்கான் பண்டாராயா’ என்று பெயர், மாநகராட்சி மீன்! வளர்ந்ததும் பலர் அதனை ஆற்றில் விட்டுவிட்டதால் இன்று நம் ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. அந்தத் தவற்றையும் சேர்த்துச் செய்யாமல், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சண்டை மீனின் சாவுக்கு டைகர் பார்ப் மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. மீன்களின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ புதுத் தொட்டியில், புது நீரில், ஒரே நாளில் எல்லாவற்றையும் குடியேற்றினேன்.

அடுத்த திங்கட்கிழமைச் சபைகூடலில், நான் அறியாமல் பேசியது தவறு என்று மாணவர்களிடம் சொன்னேன். அப்படிச் சொல்வது பதவிக்கு அழகன்று என்று துணைத் தலைமையாசிரியர் ஒருவர் முன்கூட்டியே அன்போடு தடுத்தார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆயினும் அந்தச் சிறுவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தானே!

தொட்டியை மறுபடியும் தொடங்கினோம். இம்முறை மீன் வாங்கும் அவசரம் இல்லை. கடைக்காரர் தம் பழைய வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு தந்தார். நுண்ணுயிர்கள் அதில் இருந்தன. பள்ளித் திடலில் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தின் உலர்ந்த இலைகளைக் கழுவிப் போட்டோம். நீர் தேநீர் நிறம் கொண்டது. சில பெற்றோர் அழுக்கு நீர் என்று குறை சொன்னார்கள். நம் நாட்டுச் சதுப்புக்காட்டு ஓடைகள் இந்த நிறத்தில்தான் ஓடுகின்றன என்று விளக்கினேன்.

அந்த ஓடைகளின் மீன்களையே தேர்ந்தோம். செம்புநிற உடலில் கறுப்பு முக்கோணம் வரைந்தாற்போன்ற ஹார்லிகுவின் ரஸ்போரா பன்னிரண்டு. இது மலாயாத் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் சுமத்ராவுக்கும் உரிய மீன். வளர்ந்தாலும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. நடு நீரில் கூட்டமாக உலவும். மேல்நீருக்கு, உடலெங்கும் முத்துப் பதித்தாற்போன்ற முத்துக் கௌராமி ஓர் இணை. இது காற்றையும் மேலே வந்து உண்ணும், பெரிய மீனாயினும் சாது. மணலடிக்குப் பாம்பு போன்ற குஹ்லி மீன்கள் ஆறு. பகலில் இலைகளுக்கடியில் உறங்கி, விளக்கணைந்தபின் உலா வரும். ஒரே மண்ணின் மீன்கள் என்பதால் ஒத்துப்போகும் என்று மீண்டும் ஓர் அறவுரை சொல்லிவிட நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். தோமான் விரால்கூட இந்த மண்ணின் மீன்தான்.

டைகர் பார்ப் மூன்றையும் வெறுக்க மனம் வரவில்லை. இன்னும் ஏழு வாங்கி, அறிவியல் அறையில் தனித் தொட்டியில் விட்டோம். அங்கே இன்றும் அவற்றின் வழியினர் ஓயாது துரத்திக்கொண்டு நலமாகவே இருக்கின்றனர்.

சிறுவனுக்கு ஒரு சண்டை மீன் வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவன் சற்று யோசித்து, “தனித் தொட்டி இருந்தால் வாங்குங்க ஐயா” என்றான். நூலக மேசையில் இருபது லிட்டர்த் தொட்டி ஒன்று வைத்தோம். ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை அவனே அதற்கு உணவிட்டான். காலை மணி அடிப்பதற்குமுன் தாழ்வாரத் தொட்டியையும் ஒருமுறை பார்த்து, ரஸ்போராக்களை எண்ணி, என் அறை வாயிலில் தலைநீட்டுவான்.

“பன்னிரண்டும் இருக்கு ஐயா.”