எல்லாருக்கும் ஒரே கட்டைதானா?

கனடாவிலிருந்து பள்ளி விடுமுறைக்குப் பதுளை வந்திருந்த தங்கையின் மகன், ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைக் கட்டைகள் கொண்டுவந்திருந்தான். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமாக. பையன் சூதாடத் தொடங்கிவிட்டானோ என்று ஒரு கணம் பதறிப்போனேன். "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மாமா" என்றான் சிரித்துக்கொண்டே.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்ட ஆட்டமாம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, நடுவர் சொல்லச் சொல்ல ஒரு கதைக்குள் நடக்கிறார்கள். அதற்கு முன் அந்தப் பாத்திரம் பிறந்தாக வேண்டுமல்லவா? வலிமை, லாவகம், தாங்குசக்தி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகக் கட்டைகளை உருட்டிக் கூட்டவேண்டும். 3 முதல் 18 வரை எதுவும் விழலாம். 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்றுதான். கிட்டத்தட்டப் பாதித் தடவை 9க்கும் 12க்கும் இடையில் ஒரு நடுவாந்தரமே வாய்க்கும்.

இதுதான் ஆதி விதி. பிறகு மனம் இளகி, நான்கு கட்டை உருட்டிக் குறைந்ததைத் தள்ளிவிடும் முறை வந்தது. சராசரி பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்கு மேலே போயிற்று. இப்போது பலர் உருட்டுவதே இல்லை. ஆளுக்கு 27 புள்ளி. அதைக் கொடுத்து வேண்டிய குணத்தை வாங்கிக்கொள்ளலாம். மருமகன் இந்தக் கட்சி. "கட்டை சரியா விழல்லன்னா ஆறு மாசம் ஒரு நோஞ்சானோட விளையாடணும் மாமா. அது என்ன நியாயம்?"

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "தாயக்கட்டையா?" என்று கிட்டே வந்து அமர்ந்தார். பசறை வீதித் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். மார்கழி மழையில் லயத்துக் காம்பராவின் தரையில் கரித்துண்டால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கி ஆடியது எனக்கும் நினைவிருக்கிறது. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. மணிக்கணக்காய் வெளியிலேயே கிடக்கும்.

அம்மாவுக்கும் ஒரு பாத்திரம் செய்யலாம் என்று மருமகன் மூன்று கட்டைகளைக் கையில் கொடுத்தான். வலிமை 8. லாவகம் 15, கொழுந்து பறித்த விரல்களுக்குச் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். தாங்குசக்தி 16. அறிவு 9. விவேகம் 13. கடைசியாக வசீகரம் 6. பையனுக்கு மனசு கேட்கவில்லை. "அத மட்டும் திரும்ப உருட்டுங்க அம்மாச்சி."

"விழுந்தத ஏன்யா மாத்தணும்?" என்ற அம்மா, சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாருக்கும் இதே கட்டைதானா? தொர வீட்டுப் புள்ளைக்கும்?"

"ஆமா அம்மாச்சி, எல்லாருக்கும்."

"அப்ப இருக்கட்டும்."

அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்களுக்கு யார் கட்டை உருட்டினார்கள்? 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அம்மா கைக்குழந்தை. பிறந்த மண்ணிலேயே நாடற்றவர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து ஜனங்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்களைப் பார்க்குமுன்பே கூட்டுத்தொகை எழுதப்பட்டுவிட்டது. தாயத்துக்குக் காத்துக் கிடந்த காய்களைப் போல, 2003 சட்டம் வரும்வரை கட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் உண்டு.

அம்மாவுக்கு இலங்கை. இரண்டு வயது இளைய தம்பிக்கு, என் தாய்மாமனுக்கு, இந்தியா. ஒரே தாய் தகப்பன், ஒரே காம்பரா. யாரோ சொல்லி யாரோ நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் மாமா கைநாட்டு வைத்தார், அவ்வளவுதான். 1979இல் பதுளை ஸ்டேஷனில் அவரை வழியனுப்பப் போனபோது எனக்குப் பத்து வயது. ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலுக்குப் பெயர். பெட்டிக்குப் பெட்டி அழுகை. மாமா மட்டும் அழவில்லை. தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நமுனுகுல மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அங்கும் தேயிலைதான். 1984இல் கப்பலும் நின்றது. மாமாவின் மரணச் செய்தி எங்களுக்குக் கடிதத்தில்தான் வந்தது.

மருமகனோடு எனக்கு வழக்கில்லை. எல்லோருக்கும் 27 புள்ளி உண்டென்றால் அதுவும் நல்ல ஏற்பாடுதான். அது கிடைக்காத இடத்தில் வளர்ந்தவன் என்பதால், பட்சம் பாராத கட்டையின்மீது எனக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம்.

"பேர் என்ன வைக்கிறது அம்மாச்சி?" என்று கேட்டான். அம்மா தயங்காமல் தம்பியின் பெயரைச் சொன்னார். "அவனும் யார்கிட்டயும் பேசிப் பழகமாட்டான். ஆறு அவனுக்குச் சரி."

இரவு, இணையவழி டொரொண்டோ நண்பர்களோடு ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது அறையில் ஒரு பூதத்திடம் மாமா சரியாக அடிவாங்கினார். தாங்குசக்தி 16 இருந்ததால் பிழைத்துக்கொண்டதாக மருமகன் கூவினான். அதற்குள் அம்மா தூங்கிப்போயிருந்தார்.