வரிக்கடைசியில் ஒளிந்திருந்த ‘எம்’

யுனிக்ஸ் லேப் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குக் கலக்கியது ஐந்தாம் செமஸ்டர் பிராக்டிகலுக்கு முந்தின நாள்.

கம்பத்திலிருந்து தேனிக்கு தினமும் பஸ்ஸில் வருகிறவன் நான். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று நின்று நின்று வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் பாதி போயிருக்கும். அதனால் சனிக்கிழமையே ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, விம்ஆர்சி கோப்பை விண்டோஸ் நோட்பேடில் அடித்து வைத்தேன். வரி எண் காட்ட ஒரு வரி, டேப் அகலத்துக்கு ஒரு வரி, இடையிடையே அழகுக்காக வெற்று வரிகள். விம் எடிட்டர் திறக்கும்போதெல்லாம் இந்தக் கோப்பைத்தான் முதலில் படிக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி இருப்பதால் வெறும் எல்எஸ் அடித்தால் கண்ணில் படாது.

பென் டிரைவிலிருந்து லேபில் காப்பி செய்து, விம்மைத் திறந்தேன். திரை முழுக்கப் பிழை! ‘இ492, எடிட்டர் கட்டளை இல்லை’ என்று சொல்லி, பக்கத்தில் ஒரு கூரைக்குறி, ஒரு பெரிய எம். நானோ எம் என்று எங்கேயும் அடிக்கவேயில்லை!

பக்கத்து சிஸ்டத்தில் என் போடி நண்பன். என் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும் (தெரியக்கூடாதுதான்). “ஏண்டா, வெளையாட்டுக்கு இதுதான் நேரமா?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

விம் அடித்து, கோடு போட்டு, சின்ன யு, பிறகு பெரிய எழுத்தில் நன் என்று கொடுத்தால் எந்தக் கோப்பையும் படிக்காமல் திறக்கும். அப்படித் திறந்தேன். சுத்தமாக இருந்தது. ஆக, கோளாறு என் கோப்பில்தான்.

கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அப்பா முதலில் வாய்க்காலின் பாதி தூரத்தில் போய்ப் பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் உடைப்பு கீழே, இல்லாவிட்டால் மேலே. நானும் கீழ்ப்பாதி வரிகளுக்கு முன்னால் இரட்டை மேற்கோள் குறி போட்டேன். அப்படிப் போட்டால் விம் அதைக் குறிப்பு என்று விட்டுவிடும். பிழை போகவில்லை. கால்பாதி ஆக்கினேன், போகவில்லை. ஒரே ஒரு வரி மிச்சம்... அப்பவும் அதே எம்! வாய்க்கால் முழுக்கவே உடைப்பு என்றால் எங்கே போய் அடைக்க?

பின்னாலிருந்து ஒரு கை கீபோர்டுக்கு வந்தது. அவன்தான். கேட், கோடு, வி, கோப்பின் பெயர். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த எம் வரிசையாக நின்றது.

“நோட்பேடுல அடிச்சியா மாப்ள?”

டைப்ரைட்டிங் கற்றவர்களுக்கு உடனே புரியும். வரி முடிந்தால் வண்டியை வலப்பக்கம் தள்ளவேண்டும், தாளும் ஒரு வரி ஏறவேண்டும். இரண்டு வேலை. விண்டோஸ் இன்னமும் வரி முடிவுக்கு 13, 10 என்று இரண்டு குறியீடு வைக்கிறது. யுனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிச்சமாகும் 13-தான் எம் வேடத்தில் வந்து நிற்கிறது. கோப்பை விம்மில் திறந்தபோதே கீழ்வரியில், பெயருக்குப் பக்கத்தில், ‘டாஸ்’ என்று காட்டியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

செட் எஃப்எஃப், சமக்குறி, யுனிக்ஸ் என்று அடித்து சேவ் செய்தான். மறுபடி திறந்தேன். வரி எண்கள் அழகாக வந்து நின்றன.

“நீதான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சேன்டா...”

“தெரியும். எந்திரி, டீக்கு மணியாச்சு.”

டீயும் இரண்டு வடையும் என் கணக்கு. அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றினேன். மாற்றும்போது அவன் பக்கத்திலேயேதான் நின்றான்.