களிநண்டின் ஆகாயப் பிரயாணம்

2020 மார்ச் மாதத்தில் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்ட செய்தி வந்தபோது, சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், "இனிப் பழவேற்காட்டில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாதோ!" என்று சொன்னார். பிரயாணிகள் ஏறும் விமானத்துக்கும் ஏரிக்கரைக் குடிசையின் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பொழுது எனக்கு விளங்கவில்லை. நாம் உட்கார்ந்து செல்லும் ஆசனங்களுக்குக் கீழே, நம்முடைய பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே, உயிருள்ள நண்டுகள் ஈரச் சாக்குக்குள் அடங்கிச் சிங்கப்பூருக்குப் பிரயாணம் செய்கின்றன என்பதை அவர் விளக்கிய பிறகு, அந்தத் தொழிலைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவல் மேலிட்டது; தடைகள் நீங்கியபின் ஒரு நாள் அவரே என்னை அழைத்துச் சென்றார்.

சென்னைக்கு வடக்கே, டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த பழவேற்காடு, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் இரண்டாவது பெரியதான ஏரியின் தென்கரையில் இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. கடல் நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளே புகுந்து ஆற்று நீரோடு கலக்கும் இந்தச் சேற்றுப் பரப்பில்தான் களிநண்டு வளை தோண்டி வாழ்கிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் நண்டும் இறாலும் குறைந்துபோகும் என்பதனால், கரையிலுள்ளோர் மழையைவிட முகத்துவாரத்தைப் பற்றியே அதிகமாக விசாரிக்கிறார்கள்.

இந்த நண்டுக்கு ஆகாய மார்க்கம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இறாலை மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்துக் குளிர்ப்பெட்டகத்தில் ஏற்றிவிட்டால், அது கப்பலில் வாரக்கணக்காகப் போனாலும் கெடுவதில்லை. களிநண்டோ உயிர் போன சிறிது நேரத்திலேயே உள்ளே கெடத் தொடங்கிவிடுகிறது. அன்றியும், 1950-களில் சேர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் சமைத்து விற்றுப் பிரசித்தமாக்கிய மிளகாய் நண்டைத் தேடி உணவுவிடுதிக்குப் போகும் சிங்கப்பூர்க்காரர், நண்டு தம் கண்ணெதிரே அசைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். பனிக்கட்டியின் நடுவே வைத்தாலும் அது பிழைக்காது. ஓட்டின் இருபுறத்து அறைகளிலும் உள்ள செவுள்கள் ஈரமாக இருக்கும்வரையில் காற்றிலிருந்தே பிராணவாயுவைக் கிரகித்துக்கொள்ளும் சக்தி அதற்கு இருப்பதால், ஈரமும் நிழலும் மிதமான குளிர்ச்சியும் கிடைத்தால் தண்ணீரின்றியே சில தினங்கள் தாங்கும். அந்தச் சில தினங்களுக்குள் சேற்றிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து அடுப்பை அடைந்துவிட வேண்டும்.

ஏரிக்கரைக் கொட்டகையில் நான் முதலில் கண்டது, தாழ்ந்த பலகை ஒன்றில் அமர்ந்து நண்டு கட்டிக்கொண்டிருந்த ஓர் இருளர் குலத்துப் பெண்மணியை. ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் சணல் கயிறுகள் ஊறிக்கொண்டிருந்தன. கூடையிலிருந்த நண்டொன்றைப் பின்புறமாகப் பற்றி எடுத்துத் தரையில் வைத்து, இடது பாதத்தை அதன் முதுகின்மேல் பாரம் ஏறாமல் பதித்துக்கொண்டு, கயிற்றின் நடுப்பகுதியை முன்புறத்தில் கொடுத்து, வலக் கொடுக்கை முகத்தோடு மடித்து ஒரு சுற்று, இடக் கொடுக்கை மடித்து ஒரு சுற்று என்று சுற்றி, இரு முனைகளையும் வயிற்றுக்கு அடியில் குறுக்காக ஓட்டிப் பின்னால் துடுப்புக் கால்களுக்கு இடையே கொண்டுவந்து அவர் முடிச்சிட்டது, நான் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் நடந்தேறியது. விரலை நறுக்கவல்ல அந்தப் பிராணி, கட்டு விழுந்த மறுகணம் கல்லைப் போல் அடங்கிக் கிடந்தது.

"அவசரப்பட்டு இழுத்தா கொடுக்கைக் கழட்டிப் போட்டுடும் சார், ஒத்தக் கொடுக்கு நண்டுக்குப் பாதி வெலதான்" என்றார் அவர். தப்புவதற்காகத் தன் அங்கத்தையே உதிர்த்துவிடும் சுபாவம் நண்டுக்கு உண்டு. கட்டு தளர்ந்தால் பெட்டிக்குள் ஒன்றையொன்று கடித்துக் குதறும், இறுகினால் காலொடியும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இறுக்கத்தை அவருடைய விரல்கள் அறிந்திருக்கின்றன. "யாரிடம் கற்றீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "யாரு சொல்லிக் குடுத்தா? இதான் சொல்லிக் குடுத்துச்சு" என்று இடது கட்டை விரலைக் காட்டினார். நகத்தின் பாதி இல்லை.

சிறு பெண்ணாக இருந்தபோது தாயாருடன் ஏரியில் இறங்கி, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பொறுக்கியவர் அவர். வலையும் படகும் இல்லாத குலத்தாருக்கு அந்தக் கைகளே மூலதனம். பின்னர் மணமாகி, வளைக்குள் கொக்கிக் கம்பியை விட்டு நண்டு இழுக்கும் கணவருக்குத் துணையாகச் சென்றார். கணவர் காலமான பிறகு, ஏரியில் இறங்கவும் முழங்கால் இடங்கொடாமையால், கட்டுக் கூலிக்கு இந்தக் கொட்டகைக்கு வந்தார். மகன் நண்டு பிடிக்கிறான். தாம் கட்டும் நண்டு எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். அங்கே என்ன விலைக்குப் போகிறது என்பதை ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை.

கட்டிய நண்டுகளைத் தரம் பிரித்து, சமீபத்தில் சட்டை உரித்து ஓடு இறுகாதவற்றை ஒதுக்கிவிட்டு, துளையிட்ட தெர்மோகோல் பெட்டிகளில் ஈரச் சாக்கிட்டு அடுக்கி, அன்றிரவே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வண்டியேற்றுகிறார்கள். அங்கே நடக்கும் சான்றிதழ், சுங்கம் முதலிய காரியங்களை நான் விவரிக்கப் போவதில்லை. விமானக் கூலியை நிர்ணயிக்கும் கணக்கு மட்டும் கவனிக்கத்தக்கது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் எண்ணும் தராசு காட்டும் எடையும் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. 60, 45, 40 அளவுள்ள பெட்டி 15 கிலோதான் இருந்தாலும் 18 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே நெருக்கி அடுக்கினால் அனுப்புகிறவருக்கு லாபம். காற்றோட்டம் விட்டு அடுக்கினால் நண்டுக்கு க்ஷேமம். பயணிகளின் பெட்டிகள் மிகுந்துவிட்டால் சரக்கை இறக்கிவிடுவதும் உண்டு. 'ஆஃப்லோட்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே கொட்டகையில் எல்லாருடைய முகமும் வாடிவிடுகிறது. நான்கு மணி நேரப் பிரயாணத்துக்கு ஆயத்தமான நண்டு, பின்னர் ஓர் இரவு முழுதும் புழுக்கத்தில் காத்துக் கிடக்கும்.

செத்த நண்டின் நஷ்டம் யாரைச் சேர்கிறது? இதைக் கேட்டபோதுதான் என் மனம் கொதித்தது. ஏரிக்கரையில் எடைபோட்டு எழுதிக்கொண்ட கணக்கு அங்கே முடிவதில்லை. அடுத்த வாரம், "இவ்வளவு செத்துவிட்டது என்று சிங்கப்பூரிலிருந்து சொல்லிவிட்டார்கள்" என்று நண்டை வாங்கும் ஏஜெண்டு அறிவிக்கிறார். அந்தத் தொகை, நண்டு பிடித்தவன் கணக்கில் கழிக்கப்படுகிறது. செத்த நண்டை அவன் கண்டானா? விமானம் தாமதித்தது அவன் குற்றமா? பெட்டியை நெருக்கி அடுக்கியவன் அவனா? மழைக்காலத்தில் அரிசிக்கும் வைத்தியத்துக்கும் அதே ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருப்பதால், வேறொருவருக்கு விற்கவும் அவனுக்குச் சுதந்திரம் இல்லை. எதிர்த்துக் கேட்கவும் வாய் இல்லை. லாபம் வரும்போது வியாபாரம் மேலே நிற்பவர்களுடையது, நஷ்டம் வரும்போது மட்டும் அது சேற்றில் நிற்பவனுடையது என்பது எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் இல்லாத ஏற்பாடு. ஏஜெண்டுக்கும் மேலே ஒரு முதலாளி உண்டு, அவரும் கடனாளியே என்று நண்பர் சமாதானம் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அந்தச் சங்கிலியில் பேரம் பேச வழியுள்ள ஒவ்வொருவரும் தம் பாரத்தைக் கீழே இறக்கிவிட, வழியற்றவன் தலையில் அது வந்து நிற்கிறது.

சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் களிநண்டுக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்ப்பவர்களுக்கு அளித்து வருகிறது, நல்ல காரியம். ஏரியில் நண்டு குறைந்தாலும் குளத்தில் பெருகும். ஆனால் குளம் வெட்ட நிலமில்லாத இருளருக்கு அதனால் உடனடியாக யாதொரு பிரயோஜனமும் இல்லை.

மீன்வளத் துறையாரையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது அதிகமொன்றும் இல்லை. ஏரிக்கரையில் தராசு இறங்கியவுடன் எடையும் தரமும் விலையும் எழுதி, ஏஜெண்டு ஒப்பமிட்ட ரசீது ஒன்று நண்டு பிடித்தவன் கையில் சேர வேண்டும்; அதன்பின் நேரும் சாவுக்கு அவன் கணக்கில் ஒரு காசும் கழிக்கக் கூடாது. மழைக்கால முன்பணத்தைச் சங்கமே குறைந்த வட்டியில் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ரசீதுப் புத்தகத்தோடு இந்த வாரமே தொடங்கலாம்.